உப்பளத்து ஊசித்தொப்பி

இன்னும் பதினோரு துளைகள் பாக்கி இருந்தன. இஞ்ஞாசி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார், பதினொன்றுதான். உச்சியில் வேல் மாதிரி ஒரு பித்தளைக் கூர் நிற்கும் பழைய ஜெர்மன் பட்டாளத் தொப்பி அது. நூறு வயது தாண்டியது. தோலைக் கொதிக்க வைத்து அச்சில் அடித்துக் கறுப்பு வார்னிஷ் பூசியது. மூன்று வாரம் முன்பு சாக்குப் பையில் வந்தபோது ஒரு பக்கம் சப்பையாகி, பின்மடிப்பு பிய்ந்து தொங்க, செத்த பெருச்சாளி மாதிரி கிடந்தது. ஈரத்துணி சுற்றி இரண்டு நாள் வைத்து, தோல் இளகியதும் உள்ளே மணல் பைகளைத் திணித்து, பத்து நாள் நிழலில் காயவிட்டு, வெடிப்புகளை அடைத்து, ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கைப் பூசிப் பூசிக் காயவைத்து ஒரு வழியாகத் தொப்பியாக்கியிருந்தார். இனிப் பின்மடிப்பின் தையலில் மிச்சம் உள்ள நான்கு அங்குலம். அதற்குப் பிறகு முதுகுப் பட்டை, முகப்புக் கழுகு, உச்சிக் கூர். பழைய துளை வழியாகத்தான் ஊசி போக வேண்டும். புதிதாகக் குத்தினால் துளைக்கும் துளைக்கும் நடுவில் இருக்கிற தோல் தாங்காது, அப்பளம் மாதிரி விட்டுவிடும். கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் தோல் பைகளுக்கு மாதிரி தைத்துக் கொடுத்த கை அவருடையது, கையைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, ஆனால் இன்று காலையிலிருந்து வலது கட்டைவிரல் தனக்கென்று ஒரு துடிப்பு வைத்துக்கொண்டிருந்தது. மணி இரண்டரை. கொலேத் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நாளைக் காலை அவளுக்குச் சென்னையில் விமானம்.

இரண்டு ஊசியும் எதிரெதிராக ஒரே துளைக்குள் போய், நூல் இரண்டு பக்கமும் சமமாக இறுகி உட்கார்ந்தது. பத்து. கொலேத் வந்தால் எப்படிக் கூப்பிடுவது என்ற யோசனை மறுபடி வந்துவிட்டது. இந்த மூன்று வாரத்தில் அவள் நான்கு தடவை வந்துபோய்விட்டாள். நான்கு தடவையும் நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல் அவர் ஒப்பேற்றிவிட்டார். எப்ப வரணும், எவ்வளவு நாள் ஆகும், இதைக் காயவிட வேண்டியிருக்கு, இதுக்கு நட்சத்திர ஆணி ஒன்று குறையுது, அதைப் பித்தளைக்காரரிடம் வார்க்கச் சொல்லலாம். யாருக்கும் சொந்தமில்லாத வாக்கியங்கள். அறுபத்தைந்து வயது மனுஷன் ஒரு எழுத்துக்குப் பயந்து இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவது மனைவி சகாயத்துக்குக் கேட்டிருக்கும், அடுப்படியில் இருந்தாலும் அவளுக்குக் காது பாம்புக் காது. கொலேத்தை நீங்கள் என்று சொன்னால் அந்த ஒரு வருஷமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். நீ என்று சொன்னால் அப்புறம் நடந்ததெல்லாம் வாசலில் வந்து நிற்கும். கொலேத் மட்டும் சங்கடம் இல்லாமல் நீங்க, நீங்க என்றே பேசினாள், முன்பும் அப்படித்தான் பேசுவாள். முதல் நாள் சாக்குப் பையை மேசையில் வைத்துவிட்டு, அப்பாவோட வீட்டை விற்றாச்சு, மூட்டை கட்டும்போது கொடவுனில் இரும்புப் பெட்டிக்கு அடியில் இது கிடந்தது, பிரான்சில், தூலோனில் இருக்கிற அண்ணன் மகன் இதைக் கேட்கிறான், இந்த ஊரில் இதைத் தொடத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் என்று சொன்னாள். தொடத் தெரிந்தவர். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் தொட்டதுதான் தப்பு. நாற்பது வருஷம் முன்பு முதல் தடவை தொட்டபோதே தப்பாகத் தொட்டவர் அவர்.

முகப்புக் கழுகு மேசை ஓரத்தில் துணி மேல் கிடந்தது. இறக்கையை விரித்த பித்தளைக் கழுகு, தலையில் கிரீடம், மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையில் எழுத்து. கடவுளோடு, ராஜாவுக்காக, நாட்டுக்காக என்று அர்த்தம் என்பார் கொலேத்தின் அப்பா சவரிராயன். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், புதுச்சேரியில் உப்பளம் பக்கம் பிரெஞ்சுச் சிப்பாயைச் சொல்தா என்பார்கள், அப்படிச் சொன்னால்தான் அவரைத் தெரியும். தொப்பி அவருடைய அப்பா முதல் உலகப் போரிலிருந்து கொண்டுவந்தது. ஜெர்மன் ஆபீசரைச் சுட்டு வீழ்த்திவிட்டுத் தலையிலிருந்து கழற்றியது என்று ஊருக்கு ஒரு கதை. கைதியாகப் பிடிபட்டவனிடம் இரண்டு பொட்டலம் புகையிலைக்கு வாங்கியது என்று வீட்டுக்குள் ஒரு கதை. அந்த வருஷம் பதினாலு ஜூலை பிரெஞ்சுத் தேசியத் திருநாள் விருந்துக்குக் கூடத்து மேசையில் தொப்பியை வைக்க வேண்டும், தோல் வேலை தெரிந்த பையன் யாராவது இருந்தால் துடைத்துக் கொடுக்கட்டும் என்று சவரிராயன் கோயிலில் பங்குச் சாமியாரிடம் கேட்க, சாமியார் கை காட்டியது இஞ்ஞாசியை. கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம். இருபத்தைந்து வயது. கழுகு மங்கலாக இருந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. டப்பா பாலிஷை வாங்கி வந்து, பழைய பனியனைக் கிழித்து, அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்தது, அழுக்கு போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார். சாயங்காலம் கழுகு கண்ணாடி மாதிரி மின்னியது. சவரிராயன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மேல பொன் பூச்சு இருந்துச்சுப்பா என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பதிலாகத் தொப்பியை எடுத்து இஞ்ஞாசியின் தலையில் வைத்தார், அது சின்னத் தலைக்குச் செய்தது, அவருக்கு நெற்றியோடு நின்றுவிட்டது, கதவு நிலையில் சாய்ந்திருந்த ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அதன் பிறகு அவர் அந்த வீட்டில் நாற்காலிக் கால், கைக்கடிகாரப் பட்டை, சவரிராயனின் பெல்ட், என்னென்னவோ பழுது பார்த்தார், ஒரு வருஷத்தில் அது கொலேத்துக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சில் வந்து நின்றது. இப்போது கழுகின் இறக்கை மடிப்புகளின் உள்ளே, விரல் போகாத இடங்களில் மட்டும், கொஞ்சம் பொன் மிச்சம் இருக்கிறது. மேடான இடமெல்லாம் வெளிறிய பித்தளை. மார்பு, கிரீடம், இறக்கையின் நுனி, எல்லாம் அவருடைய கட்டைவிரல் போன வழி. மறுபடி முலாம் பூசலாம் என்று பித்தளைக்காரர் சொன்னார். பூசலாம். அப்புறம் அது வேறு கழுகு.

ஏழு. வெளியே ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டே போனார், மே மாதத்து வெயில் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது, உள் அறையில் சகாயம் டிவியைச் சின்னச் சத்தத்தில் வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். தொப்பிக்குள் எட்டிப் பார்த்தால் நெற்றி படும் இடத்தில் தோல் பட்டையில் ஒரு கறை, வியர்வைக் கறை, யாரோ ஒருவனின் நெற்றி. பட்டுத்துணி நைந்துபோய் நார் நாராகத் தொங்கியதை அவர் எடுக்கவில்லை. மையில் எழுதிய இரண்டு எழுத்து இருந்தது, அது அவன் பெயராக இருக்க வேண்டும். புகையிலைக்குத் தொப்பியைக் கொடுத்தவன் அப்புறம் என்ன ஆனான், வீட்டுக்குப் போனானா, போய், என் தொப்பியை ஒரு கறுத்த சிப்பாய் வாங்கிக்கொண்டான் என்று சொன்னானா. கொடுத்ததற்கு வருத்தப்பட்டிருப்பானா. அந்த நிமிஷத்தில் அவனுக்குப் புகைதான் வேண்டியிருந்திருக்கும். இஞ்ஞாசிக்கு அந்த நிமிஷத்தில் என்ன வேண்டியிருந்தது. மானம் என்று அவர் அதற்கு ரொம்ப நாள் பெயர் வைத்திருந்தார். கம்பெனியில் வெட்டுப் பகுதியில் இருந்த ரொசாரியோ, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது சொன்னான், தொப்பிக்குப் பாலிஷ் போட்டே ஒருத்தன் பாரிசுக்குப் போறான்டா என்று. எல்லாரும் சிரித்தார்கள், இஞ்ஞாசியும் சேர்ந்து சிரித்தார். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளைக்கும் பேப்பர் கிடைக்கும், அது புதுச்சேரியில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதற்காகவே பெண் தேடுகிறவர்கள் இருந்தார்கள். தான் அப்படி இல்லை என்று ரொசாரியோவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சிரித்தார். வீட்டுக்குப் போனால் அண்ணன், நீ போன ஒரு வருஷத்தில் என் பையனையும் கூப்பிட்டுக்கோ என்றான். மாமா வில்லியனூரிலிருந்து மாம்பழக் கூடையோடு வந்தார், பிரெஞ்சுத் தூதரகமான கொன்சுலாவில் கல்யாணம் பதியத் தேதி எப்போ என்று கேட்டார். அம்மாகூட அங்கே குளிருமாமே என்று கம்பளிக்கு ஏற்பாடு பண்ணினாள். ஒருத்தர்கூட கொலேத்துக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதை இப்போதுதான் நினைக்கிறார், ஊசி ஆறாவது துளைக்குள் பாதியில் நிற்கும்போது. அவரும் கேட்கவில்லை.

ஊசி நின்றுவிட்டது. நடு முதுகுக்கு வந்தாயிற்று, இங்கே தோல் இரண்டு மடங்கு, முன்பு யாரோ ஒரு தடவை கோணலாகத் தைத்த இடம் வேறு. குத்தூசியை வைத்து மெல்லத் துளையை விரித்தார். அந்த வீட்டுக் கூடத்துக்குள் போனபோதும் இப்படித்தான் மெல்ல ஆரம்பிக்க நினைத்தார். சனிக்கிழமை சாயங்காலம், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார், வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. ஐயா, ஊர் இப்படிப் பேசுது, எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள் என்றுதான் கேட்க நினைத்தது. சவரிராயன் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு, வாப்பா, உன் பிறப்புச் சான்றிதழ் வேணுமே, கொன்சுலாவில் கேட்கிறாங்க என்றார். அந்த ஒரு வார்த்தையில் இவருக்குள் ரொசாரியோவும் அண்ணனும் மாம்பழக் கூடையும் ஒன்றாக எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு உங்க பொண்ணு போதும், உங்க நேஷனாலிட்டி வேண்டாம், கொன்சுலாவில் பதியாமல் கோயிலில் மட்டும் கட்டுவதாக இருந்தால் கட்டுகிறேன், இல்லையென்றால் வேண்டாம். இல்லையென்றால் வேண்டாம். அந்தக் கடைசி இரண்டு சொல் எங்கிருந்து வந்தது. அது ஒத்திகையில் இல்லை. சவரிராயன், பதியாமல் கட்டினால் நாளைக்கு என் பேரப்பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று மெதுவாகக் கேட்டார். இஞ்ஞாசி எழுந்து வந்துவிட்டார். தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தார். யாராவது கூப்பிடுவார்கள் என்று. பிறகு ஒரு வாரம் கூப்பிடுவார்கள் என்று. பிறகு ஒரு மாதம். அப்புறம் கூப்பிடாதவர்கள் மேல் கோபம் வந்தது, கோபம் சுலபமாக இருந்தது, நாலு மாதத்தில் மாமா காட்டிய வில்லியனூர்ப் பெண்ணுக்குத் தாலி கட்டினார். ஆரோக்கிய மாதா கோயிலில்... சட்டென்று விரலில் ஒரு தளர்ச்சி. குத்தூசி ஒரு மயிரளவு சாய்ந்து, துளைக்கும் துளைக்கும் நடுவில் இருந்த தோல், சத்தமே இல்லாமல், விட்டுவிட்டது.

அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் இன்னும் ஓடும் என்கிற பயம். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே நூறு வருஷம் வெளிச்சம் படாத தோல், வெல்ல நிறத்தில், வாய் மாதிரி திறந்திருந்தது. சின்ன வயதில் அம்மாவின் ஜாடியைப் போட்டு உடைத்துவிட்டு அப்படியே நின்றது ஞாபகம் வந்தது. கம்பெனியில் இத்தனை வருஷத்தில் ஒரு மாதிரிப் பையைக்கூட அவர் கிழித்ததில்லை. இதை, இந்த ஒன்றை, அவள் நாளை கொண்டுபோக இருக்கும்போது. அவள் வீட்டுச் சாமானில் அவர் கை பட்டால் இப்படித்தான் ஆகும் போல. மூச்சை விட்டு, ஒட்டுத் தோலைத் தாள் கனத்துக்குச் சீவி, உள்பக்கமாகப் பசை வைத்து அழுத்தி, பக்கத்துத் துளைகளில் நூலை மாற்றிப் போட்டு இறுக்கினார். பிடித்துக்கொண்டது. அதன் மேல் பித்தளை முதுகுப் பட்டை வரும், வந்தால் மறைந்துவிடும், அண்ணன் மகனோ அவன் மகனோ யாரும் பார்க்கப் போவதில்லை. மறைந்துவிடும் என்று நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி அவருக்குப் பழக்கமானதாக இருந்தது, எங்கே பழகியது என்று யோசித்தார். சகாயத்திடம். கொலேத்தைப் பற்றி அவர் சகாயத்திடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல புருஷனாக இருந்தார், குடித்ததில்லை, இரண்டு பெண்களையும் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தார், பட்டை சரியாக மூடியிருந்தது. நான்கு, மூன்று, இரண்டு. கடைசித் துளையில் நூலைப் பின்னோக்கி இரண்டு தடவை ஓட்டி அறுத்தபோது சகாயம் தேநீரோடு வந்து நின்றாள். வெங்காயத்தோல் நிறத்தில் நல்ல சேலை கட்டியிருந்தாள், அது கல்யாணம் காட்சிக்குக் கட்டுவது. மே மாதத்து ஜெபமாலைக்குப் போகிறேன் என்றாள். மணி நாலரைதான் ஆகிறது, ஜெபமாலை ஆறுக்குத்தானே என்று அவர் கேட்டார். நடந்துதானே போகணும் என்று சொல்லிவிட்டு, தம்ளரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தாள். கோயில் பத்து நிமிஷ நடை. ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழ ஜூஸ் கலந்து வைத்திருக்கேன், அவங்களுக்குச் சர்க்கரை இருக்கா இல்லையான்னு தெரியல, கேட்டுட்டுக் குடுங்க என்று வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னாள். கேட்டுட்டுக் குடுங்க. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கணக்குப் போடத் துணியாமல் முதுகுப் பட்டையை எடுத்துத் திருகாணிகளைப் பொருத்த ஆரம்பித்தார்.

கொலேத் சொன்ன நேரத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெட்டிய நரைமுடி, பருத்திச் சட்டை, முழங்கால் வலிக்கு ஒரு கைத்தடி. தொப்பி மேசை நடுவில் இருந்தது, கழுகு முகப்பில், கூர் உச்சியில். அவள் உட்காராமல் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். கறுப்பில் ஜன்னல் தெரிந்தது. அப்பா இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னாள். சர்க்கரை போடலாமா என்று அவர் கேட்டார், போடலாம் என்றாள். இரண்டு தம்ளரில் ஜூஸைக் கொண்டுவந்து வைக்கும்போது, சொல்லாமல் விட்டால் அவள் ஐந்து நிமிஷத்தில் போய்விடுவாள், பட்டை மூடியபடியே தூலோனுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. தொப்பியைத் திருப்பி முதுகுப் பட்டையைக் காட்டினார்.

“இதுக்கு அடியில தோல் கிழிஞ்சிருக்கு. இன்னிக்கு மத்தியானம். என் கைதான்.”

அவள் குனிந்து பார்த்தாள். “ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாது. அதான் சொல்றேன்.” பிறகு, ஆரம்பித்தது நிற்காமல், “இந்தக் கழுகுல பொன்னு போனதும் என் கைதான்” என்றார்.

கொலேத் சிரித்தாள். பல்லில் இரண்டு போயிருந்தது. அப்பா சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கழுகைக் காட்டி, நம்ம இஞ்ஞாசி தேய்த்தது, எப்படி மின்னுது பாருங்கள் என்பாராம். பொன் போனதை யாரிடமும் சொன்னதில்லையாம். நீங்கள் கோபித்துக்கொண்டு போனபிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருந்தார், திரும்பி வருவீர்கள் என்று நினைத்தார் என்றாள். இஞ்ஞாசி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவர்கள் வீட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. திறந்திருந்த கதவு. தள்ளினால் திறக்கும் கதவு. அவர் தன் கையைப் பார்த்தார், வார்னிஷ் கறுப்பு நகத்தடியில் ஏறியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீயாவது என்னை ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே.”

ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாள். குரலில் குறை எதுவும் இல்லை, யாருடைய வீட்டுக் கதையையோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

“அப்ப எங்கப்பா என்னைத் தூலோன்ல அத்தை வீட்டுக்கு அனுப்பறதா இருந்தார். எனக்குப் போக இஷ்டமே இல்ல. குளிரு, தெரியாத பாஷை, அத்தை வேற ஒரு மாதிரி. இங்க நிரந்தரமா வேலை இருக்கிற ஆளைக் கட்டிக்கிட்டா இங்கயே இருந்துடலாம்னு நினைச்சேன். கம்பெனியில உங்க வேலை நிலைச்சப்ப உங்களைவிட எனக்குத்தான் சந்தோஷம்.” தம்ளரின் ஈரத்தை விரலால் துடைத்தாள். “அங்க போறதுக்காகத்தான் நீங்க என்னைக் கட்டுறீங்கன்னு ஊரே பேசிச்சு. நான் போகாம இருக்கறதுக்காக உங்களைக் கட்டிக்க இருந்தேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு அது ரொம்ப தூரத்தில் கேட்டது.

“என்கிட்ட சொல்லலையே.”

“நீங்க கேக்கலையே. அன்னிக்கு வந்து அப்பாகிட்டதான் பேசுனீங்க. நான் காப்பியோட கதவுகிட்ட நின்னுட்டு இருந்தேன். ஒரு தடவ இந்தப் பக்கம் பாப்பீங்கன்னு நின்னேன்.”

பார்க்கவில்லை. அவர் அன்று சவரிராயனைக்கூடப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆம்பிளையை. அடுத்த பொங்கலுக்கு முன்பே தன்னை அனுப்பிவிட்டார்கள் என்று கொலேத் சொன்னாள். அங்கே கல்யாணம் கூடி வரவில்லை, அப்புறம் வேண்டாம் என்றே விட்டுவிட்டாள், முப்பது வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டினாள், இப்போது அவளுக்கே குளிப்பாட்ட ஆள் தேட வேண்டும். சொல்லிவிட்டு அவளே மெல்லச் சிரித்தாள். என்னை மன்னிச்சிடு என்று அவர் சொன்னார். நாற்பது வருஷம் மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த சொல், வெளியே வந்தபோது ரொம்பச் சின்னதாக இருந்தது. கொலேத் அவர் தோளில் ஒரு தடவை கை வைத்து எடுத்தாள். தொப்பியைத் துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, ஆட்டோ வரை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். ஏறி உட்கார்ந்ததும் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள். கழுகு மேல ஒண்ணும் பூசாம விட்டது நல்லதாப் போச்சு என்று சொன்னாள். ஆட்டோ போய்விட்டது.

சகாயம் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவர் மேசையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றி, இரண்டு தம்ளரையும் எடுத்து, தரையில் கிடந்த நூல் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். தொப்பி பிடிச்சிருந்துச்சாமா என்று கேட்டாள். பிடிச்சிருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மாமா வந்து நம்ம கல்யாணத்தைப் பேசி முடித்தபோது, உன்னைக் கேட்டாங்களா என்றார். சகாயம் நிமிர்ந்து பார்த்தாள்.

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நூல் துண்டுகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய நர்சு படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கடுதாசி வந்துவிட்டது, கவுனுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது, வெள்ளை ஷூகூட வாங்கியாகிவிட்டது. அப்பாதான் நல்ல இடம், கம்பெனி வேலை, குடிக்காத பையன் என்று சொல்லி நிறுத்திவிட்டார். இவர் இந்தப் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முப்பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், தோலைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்க்காத மனுஷன்.

“அந்த ஷூ என்ன ஆச்சு?” என்று இஞ்ஞாசி கேட்டார்.

சகாயம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கைப் போடப் போனவள் போடாமல் திரும்பி வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.